நாயின் காதில் அடிக்கடி நாற்றமும் கசிவும்: வீட்டிலேயே எதுவரை பார்த்துக்கொள்ளலாம்?

புதுஆற்றங்கரை (நவம்பர் 8)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பொன்னி என்றொரு லாப்ரடார் இருக்கிறாள், வயது நான்கு. தஞ்சாவூரிலிருந்து உள்ளே தள்ளி, புது ஆற்றை ஒட்டியிருக்கும் சிற்றூர் எங்களுடையது. ஜூன் மாதம் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அவளைக் கரையில் நிறுத்தி வைக்க முடியாது. நாளுக்கு ஒருமுறையாவது குதித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

இந்த ஓராண்டில் மூன்றாவது முறையாக அவளுக்குக் காதில் தொல்லை வந்திருக்கிறது. இடது காதுக்குள் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று அழுக்கு சேர்கிறது. புளித்துப்போன மாவும் காயாத துணியும் சேர்ந்ததுபோல ஒரு நாற்றம் அடிக்கிறது. பின்னங்காலால் சொறிவதும், தலையைப் படபடவென்று உதறுவதும், திண்ணைத் தூணில் காதைத் தேய்ப்பதுமாக இருக்கிறாள். இரவில் அந்த உதறல் சத்தத்திலேயே எங்களுக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

முதல் முறை வந்தபோது நகரத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் கைவிளக்கு அடித்துப் பார்த்துவிட்டுச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். ஐந்தே நாளில் சரியாகிவிட்டதால் நிறுத்திவிட்டேன். இரண்டாம் முறை மீதமிருந்த அதே மருந்தை விட்டேன்; அரைகுறையாகக் குணமாயிற்று. இந்த முறை அது கேட்கவே இல்லை. என் மாமியார் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, இரண்டு நாள் நான்கைந்து சொட்டு விட்டார். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் நாற்றம் முன்னைவிடக் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துக்கொண்டு அழுக்கெல்லாம் வெளியே வந்துவிடும் என்கிறார். இன்னொருவர் வினிகர் என்கிறார்.

கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் வாடகைக்குக் கார் பிடித்து இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். போகத் தயங்கவில்லை, ஆனால் வீட்டில் நாமே செய்யக்கூடியது எது, செய்யக்கூடாதது எது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மயிலைவாசி (நவம்பர் 8)

சகோதரி, பெராக்சைடு பாட்டிலைத் தயவுசெய்து திறக்காதீர்கள். அனுபவப்பட்டவன் என்பதால் உடனே எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு காக்கர் ஸ்பேனியல் இருந்தது. தொங்குகாது, உள்ளே நிறைய முடி, ஆண்டுக்கு நான்கு முறை சீழ் என்று எப்போதும் அதே பாடுதான். ஒருநாள், கடையில் கிடைக்கும் கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, நன்றாகக் கழுவுவதாக எண்ணிக்கொண்டு அழுத்திப் பீய்ச்சினேன். அதன் செவிப்பறை ஏற்கெனவே ஓட்டையாகியிருந்தது எனக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் காலையில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. எழுந்து நின்றால் அதே பக்கமாகச் சரிந்து விழுந்தது. கருவிழிகள் இரண்டும் ஊசல்போல இடவலமாக ஆடிக்கொண்டே இருந்தன. நடக்கப் பல வாரங்கள் ஆயின. தலைச்சாய்வு கடைசிவரை போகவில்லை; அந்தக் காதில் கேட்கும் திறனும் திரும்பவில்லை.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. செவிப்பறை முழுமையாக இருக்கிறதா என்று கருவியால் பார்க்காமல் எதையும் உள்ளே விடக்கூடாது என்று மட்டும் சொன்னார். எனக்கு அதை ஒரு மாதம் தாமதமாகச் சொன்னார்கள். உங்களுக்கு இன்றே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (நவம்பர் 9)

அம்மா, வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். பொன்னியைப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரலாற்றிலேயே பேச நிறைய இருக்கிறது.

முதலில் எண்ணெயை நிறுத்திவிடுங்கள். உங்கள் மாமியார்மேல் குறையில்லை; அவர் மனிதக் காதை மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார். நம் காதுக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான், கிட்டத்தட்ட நேராகவும் இருக்கும். நாயின் காதுக்குழாயோ, உருவத்தைப் பொறுத்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீளமானது. கிணறுபோலச் செங்குத்தாகக் கீழே இறங்கி, அடியில் சுரங்கம்போலத் தலையின் உட்பக்கம் திரும்பி, அதன் கோடியில்தான் செவிப்பறை இருக்கிறது. கைவிளக்கு அடித்தால் நமக்குத் தெரிவது கிணற்றின் மேல்வாய் மட்டுமே. ஊற்றிய எண்ணெய் அந்தத் திருப்பத்தில் தேங்கி, அழுக்கோடு குழைந்து, காற்றுப் புகாமல் அடைத்துவிடும். இளஞ்சூட்டில் முதல் இரவு இதமாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நாயின் காதில் மிகுதியாகக் காணப்படும் மலசீசியா என்ற ஈஸ்ட் (ஒருவகைப் பூஞ்சை), கொழுப்பை விரும்பி வளர்வது. அதற்கு நாமே சோறு போட்டதாகிவிட்டது. பூண்டுச்சாறு புண்பட்ட தோலில் எரியும் என்பது தனிச் செய்தி.

பெராக்சைடும் வினிகரும்கூட இப்படித்தான். பெராக்சைடின் நுரையைப் பார்க்கும் நமக்கு அழுக்கு வெளியேறுவதுபோல ஒரு நிறைவு கிடைக்கிறது. ஆனால் அது நல்ல திசுவையும் சேர்த்தே அரிக்கும், உள்ளே ஈரத்தையும் விட்டுச்செல்லும். வினிகரில் உள்ள அமிலத்துக்கு ஈஸ்டையும் சில பாக்டீரியாவையும் அடக்கும் ஆற்றல் உண்மையிலேயே உண்டு. அதனால்தான் அந்தக் குறிப்பு இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது. ஆனாலும் சிவந்து வெடித்திருக்கும் காதில் அதை விட்டால் நாய் துடித்துப்போகும். அதற்குப் பிறகு காதுப்பக்கம் கையைக் கொண்டுபோகவே விடாது.

இனி உங்கள் சொட்டு மருந்துக்கு வருகிறேன். ஐந்தாம் நாளே சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நாய்க்காதுக்கான சொட்டு மருந்துகளில் பெரும்பாலானவை மூன்று மருந்துகளின் கலவை: பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, வீக்கத்தையும் அரிப்பையும் தணிக்க ஒரு ஸ்டீராய்டு. முதலில் வேலை செய்வது ஸ்டீராய்டுதான். இரண்டு மூன்று நாளில் சிவப்பு வற்றும், சொறிவது நிற்கும், வீட்டார் நிம்மதி அடைவார்கள். கிருமி அப்போது பாதிதான் குறைந்திருக்கும். நிறுத்தியதும் எஞ்சியவை மீண்டும் பெருகும், அவற்றுள் மருந்துக்கு அடங்காதவை மிஞ்சும். இரண்டாம் முறை அரைகுறையாகவும், மூன்றாம் முறை கேட்காமலும் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். திறந்து மாதக்கணக்கான பாட்டிலில் மருந்தின் வீரியத்தையும் நம்ப முடியாது. அதைக் குப்பையில் போடுங்கள்.

எந்தக் கிருமி என்பதை நிறத்தையும் நாற்றத்தையும் வைத்து ஓரளவு ஊகிக்கலாம். பழுப்பு நிறப் பிசுக்கும் புளித்த வாடையும் ஈஸ்டைக் காட்டும். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வடிந்து குடலைப் பிரட்டும் நாற்றம் அடித்தால் பாக்டீரியாவை, குறிப்பாகச் சூடோமோனாசைச் சந்தேகிப்போம். உலர்ந்த காப்பித்தூள் போலக் கருப்பாக உதிர்ந்தால் சிற்றுண்ணியாக இருக்கலாம். அது குட்டிகளிடமும் பூனைகளிடமும் மிகுதி. ஆனால் ஊகம் பலமுறை பொய்த்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் அழுக்கை எடுத்து, கண்ணாடித் தகட்டில் உருட்டி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். ஈஸ்ட் நிலக்கடலைக் காய் வடிவத்தில் தெரியும். பாக்டீரியா மணிமணியாகவோ குச்சிகுச்சியாகவோ தெரியும். குச்சி வடிவம் தென்பட்டால், எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்க்கும் சோதனையும் தேவைப்படலாம். மூன்றாம் முறை வந்த காதுக்கு இந்தச் சோதனை இல்லாமல் மருந்து எழுதுவது இருட்டில் கல்லெறிவதுதான். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் பக்கத்தில் அதைவிட நல்ல இடத்தை என்னால் சொல்ல முடியாது.

போவதற்கு முந்திய இரண்டு நாள் காதைச் சுத்தம் செய்யாதீர்கள். கூச்சப்பட்டுத் துடைத்துவிட்டுக் கூட்டிவருவார்கள். எங்களுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

கடைசியாக ஒரு கேள்வி. ஈஸ்ட் என்பது எங்கிருந்தோ வந்து தொற்றுவது அன்று. நல்ல காதிலும் அது கொஞ்சம் இருக்கும். காதுத் தோல் வீங்கி வெதுவெதுப்பாக ஈரம் கசியும்போது பெருகிவிடும். அந்தத் தோல் ஏன் வீங்குகிறது என்பதுதான் என் கேள்வி. ஆற்றுநீர் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஆற்றில் குதிக்கும் எல்லா நாய்க்கும் இப்படி வருவதில்லை. பொன்னி பாதங்களை நக்குகிறாளா? வயிறு, அக்குள், வாயோரம் சிவந்திருக்கிறதா? எந்த வயதில் தொடங்கியது? அன்றாடம் என்ன சாப்பிடுகிறாள்?

புதுஆற்றங்கரை (நவம்பர் 9)

ஐயா, மிக்க நன்றி. பாதத்தைப் பற்றிக் கேட்டதும் திடுக்கிட்டுவிட்டேன். ஒன்றரை வயதிலிருந்தே இரவில் முன்னங்கால்களை நக்கிக்கொண்டிருப்பாள். விரல்களுக்கிடையே வெள்ளை முடி செம்பழுப்பாக மாறியிருக்கிறது. செம்மண் கறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். சாப்பாடு, காலையில் தயிர் சாதம், இரவில் கோழியும் சோறும், நடுவில் ஒரு முட்டை. இரண்டு நாள் கழித்து ஒரத்தநாடு போவதாக முடிவு செய்துவிட்டேன்.

இன்னொரு சிக்கல். பாட்டிலைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். முப்பது கிலோ எடை. மாமியாரும் நானும் மட்டும்தான் வீட்டில். மருந்து எழுதிக்கொடுத்தாலும் எப்படி விடுவது?

மூன்று நாய்கள் உள்ள வீடு (நவம்பர் 10)

இதற்கு நான் பதில் சொல்லலாம். எங்கள் வீட்டில் இரண்டு லாப்ரடார், ஒரு ஷிட்சூ. மொத்தம் ஆறு காதுகள் என் பொறுப்பு.

பிடித்து அமுக்கி விடுவது ஒரு முறைதான் பலிக்கும். அடுத்த முறை கடிப்பாள். அதனால் மருந்து வருவதற்குமுன்பே ஒத்திகையைத் தொடங்குங்கள். முதல் நாள் காதுமடலைத் தொட்டுவிட்டு ஒரு தின்பண்டம் கொடுங்கள், அவ்வளவுதான். மறுநாள் மடலைத் தூக்கிப் பாருங்கள், கொடுங்கள். அதற்கடுத்த நாள் வெறும் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கொடுங்கள். நான்கைந்து நாளில் பாட்டிலைக் கண்டால் ஓடுவது போய், பாட்டிலைக் கண்டால் வருவது என்றாகிவிடும். வலி மிகுந்திருக்கும் காதில் இந்த ஒத்திகை செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது வலி குறைய மாத்திரை தரும்படி மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

இடம் முக்கியம். நான் குளியலறை வாசலில், சுவர் மூலையில், தரையில் உட்கார்ந்துகொள்வேன். நாயின் பின்புறம் மூலையைப் பார்க்க, அது என் முழங்கால்களுக்கிடையே உட்கார்ந்திருக்கும். பின்வாங்க இடமிருக்காது, ஆனால் யாரும் அமுக்குவதாகவும் அதற்குத் தோன்றாது. எதிரில் இன்னொருவர் ஒரு தட்டில் கொஞ்சம் எதையாவது தடவி நக்கக் கொடுத்துக்கொண்டிருந்தால் வேலை பாதி முடிந்தது. மாமியாரை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க்கிண்ணமும் கையில் இருக்காது.

சுத்தம் செய்யும் திரவத்தைப் பாட்டிலோடு வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுக்கவும். உடல் சூட்டுக்கு வந்தால் போதும். சில்லென்று உள்ளே போனால் எந்த நாயும் குதிக்கும். மடலை மேல்நோக்கி நேராகத் தூக்கிப் பிடித்தால், மருத்துவர் ஐயா சொன்ன அந்தக் கிணறு கொஞ்சம் நேராகும். பாட்டில் முனை காதில் படாமல், குழாய் நிரம்பும் அளவுக்குத் தாராளமாக ஊற்றவும். இரண்டு சொட்டு விட்டுவிட்டு சுத்தம் செய்துவிட்டதாக எண்ணுவது எல்லோரும் செய்யும் தவறு. நானும் ஓராண்டு செய்தேன். பிறகு மடலை விட்டுவிட்டு, காதின் அடியில், தாடை எலும்புக்குப் பின்னால் உருளையாகக் கைக்குத் தட்டுப்படும் இடத்தை அரை நிமிடம் மெதுவாகப் பிசையவும். சளக் சளக் என்று சத்தம் கேட்டால் திரவம் அடிவரை போயிருக்கிறது என்று பொருள். அப்போது கையை எடுத்துவிட்டு, ஒரு துண்டை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ளுங்கள். அவள் உதறும் உதறலில் அடியில் இருந்ததெல்லாம் மேலே வரும். வந்ததை விரலில் சுற்றிய பஞ்சால், விரல் தானாகப் போகும் ஆழம்வரை மட்டும் துடைத்தெடுக்கவும். பட்ஸ் வேண்டவே வேண்டாம்; அது அழுக்கை எடுப்பதைவிட அழுக்கைத் திருப்பத்துக்கு அப்பால் தள்ளுவதுதான் அதிகம்.

சொட்டு மருந்தைச் சுத்தம் செய்த உடனே விடாமல், காது கொஞ்சம் உலர்ந்த பிறகு விடுங்கள். எத்தனை சொட்டு என்று எழுதியிருக்கிறதோ அத்தனையும் விட வேண்டும். ஒருமுறை விட்டால் பல நாள் காதிலேயே தங்கி வேலை செய்யும் மருந்துகளும் இப்போது இருக்கின்றன. அப்படிப்பட்டதை விட்டிருந்தால் இடையில் கழுவக்கூடாது. தனியாகச் சமாளிப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம், கேட்டுப் பாருங்கள்.

ஷிட்சூவுக்குக் காதுக்குள் முடி வளரும். அழகுநிலையத்தில் அதைக் கொத்தாகப் பிடுங்குவார்கள். தொல்லை எதுவும் இல்லாத காதில் பிடுங்கினால் அந்த இடமே புண்ணாகி, இல்லாத நோயை வரவழைக்கும். எங்கள் வீட்டில் பிடுங்குவதை நிறுத்திய பிறகு அதற்குக் காது நோய் வரவில்லை.

கரிசல்காட்டான் (நவம்பர் 10)

எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் பக்கத்துச் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் இந்தப் பாடெல்லாம் கிடையாது. நாட்டு நாய்க்குக் காது நோய் வருவதில்லை என்பது என் அனுபவம். மழைக்காலத்தில் உண்ணி ஏறும். காதுமடலின் உட்புறம் திராட்சைக் குலைபோலத் தொங்கும். அப்பா காலத்தில் மண்ணெண்ணெய் தொட்டு வைப்போம். சண்டையில் கடிபட்டுக் காதில் புழு வைத்தால் டர்பன்டைன் விட்டால் புழுவெல்லாம் வெளியே வந்துவிடும். மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் சீத்தா இலையை அரைத்துக் கட்டுவோம். அதையே நாய்க்கும் வைத்துக் குணமாகியிருக்கிறது. இப்போது மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையே உண்ணிக்கும் சிலர் போட்டுவிடுகிறார்கள். இவை சரியா தவறா என்று மருத்துவர் ஐயா சொன்னால் எங்கள் ஊரில் நாலு பேருக்குச் சொல்வேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (நவம்பர் 11)

கரிசல்காட்டாருக்கு முதலில். நாட்டு நாய்களுக்கு உட்காது நோய் குறைவு என்பதை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். மெல்லிய மடலும், முடியில்லாத குழாயும், வறண்ட வெயிலும் அவற்றுக்குத் துணை. ஆனால் ஈ மொய்த்துக் கடித்துக் காதுநுனி புண்ணாவதை நிமிர்ந்த காதுள்ள நாட்டு நாய்களிடம்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தப் புண்ணை அலட்சியப்படுத்தினால் அதிலேயே புழுவும் வைக்கும்.

மண்ணெண்ணெய் தோலை வேகவைத்துவிடும், நாய் நக்கினால் நுரையீரலுக்கும் ஆபத்து. மடலில் கண்ணுக்குத் தெரியும் உண்ணியைக் கவ்வியால், தோலை ஒட்டி, வாய்ப்பகுதியோடு சேர்த்துப் பிடித்து நேராக இழுத்தெடுக்கலாம். நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்; கையில் உறை இருப்பது நல்லது. ஆனால் பத்து உண்ணி மடலில் இருந்தால் பார்வைக்கு எட்டாத குழாயிலும் சில இருக்கும், வீட்டுச் சுவர் விரிசலிலும் இருக்கும். மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் வந்தபிறகு காதுக்குள் உண்ணி என்ற பேச்சே பல வீடுகளில் நின்றுபோயிற்று. காதுச் சிற்றுண்ணியும் அவற்றுக்கு அடங்கும். மாட்டுக்கான ஐவர்மெக்டினை அளவு தெரியாமல் நாய்க்குப் போடாதீர்கள். கோலி (collie) என்ற மேய்ப்பு நாய் வகையிலும் அதன் கலப்பிலும் ஒரு மரபணுக் குறை இருப்பதால் அது மூளைக்குள் புகுந்து உயிரையே வாங்கும்.

புழுவைப் பொறுத்தவரை, மாட்டின் முதுகில் திறந்திருக்கும் புண் வேறு, நாயின் காதுக்குழாய் வேறு. முதுகுப் புண்ணில் இலையை அரைத்துக் கட்டினால் புழு வெளியே விழுவதைப் பார்க்கலாம். குழாயில் டர்பன்டைன் விட்டால் அது வெளியே வருமா, செவிப்பறையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகுமா என்று யாரால் சொல்ல முடியும்? டர்பன்டைனும் பினாயிலும் உயிருள்ள தோலைப் பொசுக்கும். புழு வைத்த காதை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். மயக்கம் கொடுத்து ஒவ்வொன்றாக எடுப்பதுதான் வழி.

பொன்னியின் அம்மாவுக்கு: மடல் திடீரென்று பணியாரம்போல உப்பினால், அது உதறி உதறி உள்ளே ரத்தக்குழாய் உடைந்து தேங்கியது. ஊசியால் குத்தி நீங்களே வடிக்காதீர்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, வட்டமாக நடந்தாலோ, கருவிழி ஆடினாலோ, முகம் ஒருபுறம் தொங்கினாலோ, வாயைத் திறக்கவே கத்தினாலோ நோய் நடுக்காதுக்கோ அதையும் தாண்டி உட்காதுக்கோ போய்விட்டது என்று கொள்ளுங்கள். காதிலிருந்து ரத்தம் வந்தாலும் இதே கணக்குத்தான். அப்போது நாள் குறித்துப் போகக்கூடாது. உடனே போக வேண்டும்.

பாதம் நக்குவது, ஒன்றரை வயதில் தொடக்கம், திரும்பத் திரும்பக் காது. இவை மூன்றும் ஒவ்வாமையை நோக்கியே கைகாட்டுகின்றன. காதுக்குழாயின் உட்புறமும் தோல்தானே. உடம்பு முழுவதும் இருக்கும் ஒவ்வாமை காற்றோட்டமில்லாத அந்த இடத்தில் எளிதில் வெளிப்படுகிறது. தூசி, மகரந்தம் போன்றவற்றாலா, உணவாலா என்று பிரித்தறிய ரத்தப் பரிசோதனையை நம்ப வேண்டாம். எட்டு வார உணவுச் சோதனைதான் நம்பகமானது. இதுவரை சாப்பிட்டேயிராத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும் கொடுக்க வேண்டும். கோழி, முட்டை, தயிர் எதுவும் கூடாது. மூன்று நாய்கள் வீட்டார் சொன்ன தின்பண்டமும் அதே உணவிலிருந்துதான் வரவேண்டும். உண்ணி மாத்திரைகளில் சில இறைச்சிச் சுவை சேர்த்தவை. அதையும் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இடையில் ஒருநாள் யாராவது ஒரு பிஸ்கட் போட்டாலும் முடிவு குழம்பும். இதை முதல் காது சோதனையோடு சேர்த்துத் தொடங்க வேண்டாம்; காது ஆறியபின் தொடங்கினால்தான் எது எதனால் என்று தெரியும்.

புதுஆற்றங்கரை (டிசம்பர் 5)

அனைவருக்கும் நன்றி; நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரத்தநாட்டில் முதலில் ஒரு கருவியை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். செவிப்பறை முழுதாக இருக்கிறது. எண்ணெய் அழுக்கோடு சேர்ந்து களிபோலத் திருப்பத்தில் உறைந்திருந்ததைக் கழுவி எடுத்தார்கள். எடுத்ததை என் மாமியாருக்கும் காட்டினார்கள். நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். நிலக்கடலை வடிவம் ஏராளமாகவும், மணி வடிவம் கொஞ்சமாகவும் இருந்தன. குச்சி வடிவம் இல்லை. பதினான்கு நாள் சொட்டு மருந்து. ஐந்தாம் நாள் எல்லாம் சரியாகிவிட்டதுபோலத்தான் இருந்தது. ஐயா சொன்னதை நினைத்துக்கொண்டு நிறுத்தவில்லை. பதினைந்தாம் நாள் மறுபடி தகட்டில் பார்த்தபோது நிலக்கடலைகள் இன்னும் சில இருந்தன. மேலும் ஒரு வாரம் விடச்சொன்னார்கள். நேற்றுப் பார்த்ததில் சுத்தமாக இருக்கிறது.

சுவர்மூலை உத்தி பலித்தது. மூன்றாம் நாளிலிருந்து பொன்னி தானாகவே வந்து முழங்கால்களுக்கிடையே உட்கார்ந்துகொள்கிறாள். துண்டை மறந்த அன்றைக்கு மட்டும் நான் தலைக்குக் குளிக்க நேர்ந்தது.

இன்று உணவுச் சோதனையைத் தொடங்குகிறேன். இதுவரை மீன் கொடுத்ததே இல்லை என்பதால் முள் நீக்கிய மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். எனக்குப் பயம் மீனைப் பற்றியது அன்று. காலையில் தயிர் சாதம் கேட்டு மாமியார் முன்னால் போய் உட்கார்ந்து அவள் பார்க்கும் பார்வையை எட்டு வாரம் அவர் தாங்குவாரா என்பதுதான். தயிர்ப்பாத்திரத்தை இப்போதைக்கு மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

ஐயா, ஆற்றைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். இனி அவளை நீந்தவே விடக்கூடாதா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (டிசம்பர் 5)

நல்ல செய்தி அம்மா. அந்த மூன்றாவது வாரத்தை விடாமல் செய்தீர்களே, பெரும்பாலோர் கோட்டை விடுவது அங்கேதான்.

நீந்துவதை ஆயுளுக்கும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் சோதனை முடியும்வரை ஆறு வேண்டாம். இடையில் காது சிவந்தால் உணவாலா நீராலா என்று குழம்பிப்போவோம், கரையில் யாரோ போட்ட கோழி எலும்பையும் அவள் விடமாட்டாள். அதற்குப் பிறகு நீந்திய அன்று மாலையே, ஈரத்தை உலர்த்தும் வகைச் சுத்தத் திரவத்தை ஒருமுறை விட்டுத் துடைத்துவிடுங்கள். நீந்தாத நாட்களில் வாரத்துக்கு ஒருமுறை போதும். நன்றாக இருக்கும் காதை நாள்தோறும் கழுவினால் தோல் ஊறி அதுவே புண்ணாகும். வாரம் ஒருமுறை முகர்ந்துபாருங்கள். அவளுடைய நல்ல காதின் வாடை உங்களுக்குப் பழகிவிட்டால், மாற்றம் கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரியும்.

புதுஆற்றங்கரை (டிசம்பர் 5)

அப்படியே செய்கிறேன் ஐயா. எட்டு வாரக் கணக்கு ஜனவரி 30இல் முடிகிறது. வழக்கப்படி மேட்டூரை ஜனவரி 28இல் அடைப்பார்கள். அவளுக்கு அனுமதி கிடைக்கும் நாளில் ஆற்றில் மணல்தான் இருக்கும். ஜூன்வரை அதில் புரளட்டும்.